தேய்வதற்கென்று ஒரு தட்டு

என் துணைவியார் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுபவர். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பொம்மைக் கூடங்கள் பல இருப்பினும், கண் எழுதும் மேசையில் அமரும் தகுதி எல்லாக் கைகளுக்கும் வாய்ப்பதில்லை. உடைக்கு வர்ணம் பூசுவோர் பலர், கண்ணுக்கு ஒருவரே. மயிரிழை போன்ற தூரிகையால் ஒரே இழுப்பில் இமையை வரைந்து, மூச்சை அடக்கிக் கருமணியை வைத்தல் வேண்டும். கை சற்றே நடுங்கினாலும் கண்ணபிரான் மாறுகண் கொண்டுவிடுவார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஓராண்டின் மார்கழியில், அத்தகைய மாறுகண் கண்ணன்கள் ஒரு பலகை நிறையப் பிறந்தனர். காரணம் என் பற்கள். உறக்கத்தில் நான் அவற்றை நறநறவெனக் கடிப்பதை நானறியேன். உடன் உறங்குபவர் அறிவார். எங்கள் இல்லமோ ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் மட்டுமே கொண்டது. ஓசைக்கு அஞ்சி ஒதுங்கிப் படுக்க வேறு இடமில்லை. உறக்கம் கெட்ட கைக்குத் தூரிகை அடங்கவில்லை.

நான் வேறொரு கூடத்தில் பால்மில் என்னும் அரைவை எந்திரம் பார்ப்பவன். கூழாங்கற்களோடு வெண்கல்லையும் மண்ணையும் இட்டு, பெரும் உருளையைச் சுழற்றி மாவாக அரைப்பது அவ்வேலை. ஆகவே அவருக்கு உவமை தேட வேண்டியிருக்கவில்லை.

"பகல் பூரா மில்லு ஓட்டறீங்க, சரி. ராவுலயும் வூட்டுக்குள்ள ஓட்டணுமாங்க?"

"நான் எங்கே ஓட்டினேன்?"

"நீங்க ஓட்டல. உங்க வாயி ஓட்டுது."

அவருடைய முதலாளி வயதில் இளையவர், மரியாதை அறிந்தவர். "அக்கா, கொஞ்ச நாளு பேக்கிங் பாருங்க. கண்ணு அப்புறம் பாத்துக்கலாம்" என்று மென்மையாகவே சொன்னாராம். அன்று மாலை வீடு திரும்பியவர், தலையில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை எடுத்து என் முன்னே வைத்தார். "வைக்கோலு அடைக்கறதுக்கு எனக்கு எதுக்குங்க இந்தக் கை?" என்றார். அவர் அழுதிருந்தால் நான் தேற்றியிருப்பேன். அழவில்லை. ஆகையால் மறுநாளே பல் மருத்துவரிடம் சென்றோம்.

கடைவீதியில் புதிதாக மருத்துவமனை வைத்திருந்த அந்த இளம் மருத்துவர், என் கடைவாய்ப் பற்கள் திருகைக்கல் போல் தட்டையாகிவிட்டன என்றார். இரவில் மேற்பற்களின்மீது அணிய ஒரு தட்டு செய்வதாகக் கூறி, மாவைக் கடிக்கச் செய்து அச்செடுத்தார். அந்த அச்சில் அவர் ஊற்றியது எங்கள் பொம்மை அச்சுகளுக்குரிய அதே பிளாஸ்டர். அந்நிய நாட்டில் சொந்தக்காரரைக் கண்டாற்போல் நான் அகமகிழ்ந்தேன்.

"டாக்டரம்மா, மெதுவா ஊத்துங்க. குமிழி வுழுந்துடும்."

"பல்லு காட்ட வந்தவங்கள்ல இத சொன்ன மொத ஆளு நீங்கதான் ஐயா" என்று அவர் சிரித்தார்.

முதலில் வந்தது ரப்பர் போல் வளையும் மென்மையான தட்டு. வாய்க்கு இதமாக இருந்தது, ஓசையும் அடங்கிற்று. துணைவியார் நன்கு உறங்கினார். ஆயினும் பொங்கலுக்கு அணிந்த அத்தட்டு, மாசிமகத் தேர் நிலைக்கு வருமுன்னரே கடைவாய்ப் பக்கம் ஓட்டையாயிற்று. மென்மையான பொருளைக் கண்டால் பல் மேலும் மெல்லத்தான் பார்க்கும் போலும். நறநறப்பு மீண்டது. பேக்கிங்கிலிருந்து எழவிருந்தவர் மறுபடியும் வைக்கோலுக்கே திரும்பினார்.

மருத்துவர் இம்முறை புதுச்சேரியில் கடினமான அக்ரிலிக் தட்டொன்றைச் செய்வித்துத் தந்தார். கண்ணாடி போல் தெளிந்து பளபளத்தது. "போடாத நேரத்துல தண்ணியிலயே வச்சிருங்க" என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னார்.

இங்கேதான் எங்கள் தொழில் குறுக்கிட்டது. எங்கள் உலகில் ஈரம் என்பது பகை. ஈரம் போகாத பொம்மை சூளையில் வெடிக்கும். நன்கு உலர்ந்தது நிலைக்கும். புதிதாக எது வந்தாலும், அது தேநீர்க் குவளையாயினும், சூளையின் மேற்பரணில் வைத்து எடுப்பது எங்கள் ஊர்த் தொழிலாளர் வழக்கம். மருத்துவர் பல்லை அறிவார். பொருளின் உறுதியை நாமன்றோ அறிவோம் என நாங்கள் இருவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். காலையில் துணைவியாரே தட்டைக் கைக்குட்டையில் பொதிந்து கொடுத்தார். நான் பரணில் வைத்தேன்.

மாலையில் எடுத்தபோது அது வெயிலில் கிடந்த அப்பளம்போல் வளைந்திருந்தது.

"ஐயா, இத எங்க வச்சீங்க?" என்று மருத்துவர் வினவினார். சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் மானத்தைக் காக்கும் பொருட்டு நான் ஒரு யோசனையை முன்வைத்தேன். "இந்த பிளாஸ்டிக்கெல்லாம் எதுக்குங்க? அளவு குடுங்க, பீங்கான்லயே சுட்டுக் குடுக்கறேன். என் பேரன் காலத்துக்கும் தேயாது."

"தட்டு தேயாதுங்க ஐயா. அதுல உரசற உங்க கீழ்ப்பல்லு தேஞ்சுடும். ரெண்டுல ஒண்ணு தேஞ்சுதான் ஆகணும். தேயறது தட்டா இருக்கட்டும்னுதான் இத செய்யறோம். தேஞ்சா வேற செஞ்சுக்கலாம், பல்லு செய்ய முடியுமா?"

எங்கள் மில்லின் உட்புறத்தில் இரும்பு தேயாதிருக்கக் கல் பதிக்கிறோம். அக்கல் தேய்ந்தால் பெயர்த்துவிட்டு வேறு கல் பதிக்கிறோம். இவ்வளவு காலம் கையால் செய்ததை என் வாய்க்குப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நெடுங்காலம் உழைப்பதே நற்பொருள் என்றிருந்தேன். பிறிதொன்றை நெடுங்காலம் உழைக்க விடுவதும் நற்பொருளே என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மீண்டும் ஓர் அக்ரிலிக் தட்டு வந்தது. அதற்கெனத் துணைவியார் மூடியுள்ள டப்பா ஒன்றை ஒதுக்கித் தண்ணீர் நிரப்பினார். "பரண் பக்கம் போனீங்கன்னா தெரியும்!" என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது. ஆடி பிறந்தபோது தட்டின்மேல் மெல்லிய கீறல்கள் தென்பட்டன, ஓட்டையில்லை, விரிசலில்லை. அவருடைய கண்ணடியில் இருந்த கருமையும் மறைந்தது.

அவ்வேளையில் பிள்ளையார் சதுர்த்திக்கான பொம்மைகள் அவருடைய கூடத்தில் குவிந்திருந்தன. மதிய உணவைக் கொடுக்க நான் சென்றிருந்தபோது, முதலாளி ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு பேக்கிங் அறைக்கே வந்துவிட்டார்.

"அக்கா, நீங்களே பாருங்க. பிள்ளையாரெல்லாம் பேயக் கண்ட மாதிரி முழிக்கறாரு. இத எவன் வாங்குவான்? ஒண்ணே ஒண்ணு எழுதிக் காட்டுங்க."

துணைவியார் கையிலிருந்த வைக்கோலை உதறினார். புடவையில் விரல்களைத் துடைத்தார். தூரிகையை எடுத்தபோது என் மூச்சும் நின்றது. இமை ஒரே இழுப்பில் வந்தது. கருமணியும் அமர்ந்தது. உண்டு களைத்து, ஆயினும் எல்லாம் அறிந்தவராய், பிள்ளையார் எங்களைப் பார்த்தார்.

"நாளையிலேருந்து கண்ணுக்கே வந்துடுங்கக்கா" என்றார் முதலாளி.

"வரேன். ஆனா மேசைய ஃபேனுக்கு அடியில போடாதீங்க, தூரிகை முடி ஆடுது. ஜன்னலோரம் போடுங்க."

"அங்க என் நாற்காலி இருக்குதேக்கா."

"அத பேக்கிங்ல போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த பிள்ளையாரை எடுத்தார்.