மரங்கொத்தியைப் பற்றி ஒரு கேள்வி

எழுபதுகளின் கடைசியில் விலங்கியல் மாணவர்களை ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போயிருந்தேன். காவலூருக்கு அருகே ஒரு வீட்டு வாசலில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, விரலெல்லாம் புளிக்கறை. எதிர் மரத்தில் மரங்கொத்தி கொத்தும்போதெல்லாம் சுத்தியலை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பாள்.

நான் அந்தப் பறவையைக் காட்டி, "அலகு உறுதியாக அமைந்ததால்தான் இது மரத்தைக் கொத்துகிறது" என்று பாடம் நடத்தினேன்.

"சார், ஒன்னு கேக்கட்டுங்களா?" என்றாள் அவள். "மெத்து மூக்கா இருந்தப்பவே இது பூச்சிக்காவ மரத்தக் கொத்திப் பாத்திருக்குமில்லீங்களா? அதுல கெட்டி மூக்கு குஞ்சிங்கதான பொழச்சி வந்திருக்கும்? எதுங்க சார் மொதல்ல, மூக்கா, கொத்தறதா?"

"நீ புளியத் தட்டும்மா" என்றேன். மாணவர்கள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு மரங்கொத்தி கொத்தியபோதும் நிமிரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு கருத்தரங்கில், விலங்குகளில் பழக்கம் முந்தியதா உடல் முந்தியதா என்று அவள் கேள்வியை வைத்தே பேசினேன். பலத்த கைதட்டல். "அருமையான கேள்வி, எப்படித் தோன்றியது?" என்று தலைமை வகித்த பேராசிரியர் கேட்டார்.

"மலையில் ஒருநாள் யோசித்துக்கொண்டிருந்தபோது" என்றேன்.

அவள் பெயரை நான் கேட்கவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் அந்த மேடையில் சொல்லியிருப்பேனா? ஆமாம் என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.