செட்டை மாற்றாமல், ஸ்பீக்கர் மட்டும்

எங்கள் பாடசாலை அதிபரின் காரில் இருந்த ரேடியோ செட்டில் எல்லாமே யப்பான் எழுத்து. எந்தப் பொத்தான் எதற்கு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் உருண்டைத் திருகு மட்டும் தெரியும். அவர் விரல் பட்டுப் பட்டு அதன் ஓரத்துக் கறுப்பு தேய்ந்து வெளுத்திருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில், பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு நாங்கள் மூன்று பேர் அந்தக் காரில்தான் போய் வந்தோம். அதிபர் ஓட்டுவார். பக்கத்து இருக்கையில், அங்கே படிப்பித்த நான். பின்னால் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு கணக்கு டீச்சர்.

சேர் என்றே நாங்கள் கூப்பிடும் அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி காலமாகி, மகள் கொழும்பில் குடும்பமாகிவிட்ட பிறகும் ஊருக்கு மாற்றம் கேட்காமல் பதுளையிலேயே ஒரு வாடகை வீட்டில் இருந்தார். தோட்டத்து லய வீடுகளிலிருந்து மழையில் நனைந்து வரும் பிள்ளைகளுக்குத் தலை துவட்டவென்றே அலுவலக அலுமாரியில் துவாய்கள் மடித்து வைத்திருப்பார். பாட்டென்றால் உயிர். யப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த அந்தச் சின்னக் காரை வாங்கியபோது, அவர் முதலில் பார்த்தது எஞ்சினை அல்ல, ரேடியோவைத்தான். அது நம் நாட்டு நிலையங்களில் பாதியை எடுக்காது என்று தெரிந்ததும், கார்களுக்கு ரேடியோ பூட்டும் கடை வைத்திருந்த ஒரு தோட்டத்துப் பையனிடம் கொண்டுபோய், உள்ளே ஏதோ ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தி அதைச் சரி செய்துகொண்டார்.

ஆனால் பாட்டு துலக்கமாக இல்லை என்பது அவருடைய ஓயாத குறை. செட்டையே கழற்றிவிட்டுப் புதிது போடலாம் என்றான் கடைக்காரத் தம்பி. அதற்கு டாஷ்போர்டைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். சேர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "சுகமா இருக்கிறவனுக்கு ஏன் தம்பி ஒப்பரேசன்? செட் இருக்கட்டும். ஸ்பீக்கரை மட்டும் மாத்தித் தாரும்."

தம்பி கதவுகளின் உள் தட்டைக் கழற்றிக் காட்டினான். மலைநாட்டு ஈரத்தில் பழைய ஸ்பீக்கர்களின் கடதாசி உப்பிக் கிழிந்திருந்தது. அந்தச் செட்டுக்குப் பவர் குறைவு, பெரிய ஸ்பீக்கர் போட்டால் அதால் இழுக்க முடியாது என்று விளக்கி, குறைந்த பவரிலேயே பாடக்கூடிய ஒரு சோடியைத் தேடிப் பூட்டினான். கதவு அதிராமல் இருக்க உள்ளே ரப்பர் தாளும் ஒட்டினான். பாட்டைப் போட்டதும், பாடகி வரிகளுக்கு இடையில் மூச்செடுப்பதை நான் முதன்முதலாகக் கேட்டேன். கல்யாண வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது என்றார் கணக்கு டீச்சர். சேர் தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பரவாயில்லை, ஆனால் இன்னும் துலங்கவில்லை என்றார்.

பிறகு கண்ணாடி ஓரங்களில் இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. அதன் பிறகு, செட்டில் கை வைக்காமல் அதிலிருந்து வரும் வயர்களிலேயே இணைத்த ஒரு அம்ப்ளிஃபயர் என் இருக்கைக்குக் கீழே வந்தது. சத்தம் நாளுக்கு நாள் கூடியது. கணக்கு டீச்சர் சேருக்குத் தெரியாமல் காதில் பஞ்சு வைக்கத் தொடங்கினார். சேர் மறுபடியும் கடைக்குப் போனபோது தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. "இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லைங்க சேர். இத விட நல்லாப் பாடுற காரு என் கைக்கு வந்ததே இல்ல." கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பாடசாலையிலும் ஏதோ மாறியிருந்தது. சின்னப் பிள்ளைகள் எதைச் சொன்னாலும் சேர் குனிந்து அவர்கள் வாயைப் பார்த்தார். பெண் டீச்சர்மார் கேட்டதற்கு வேறு ஏதோ பதில் வந்தது. ஒருநாள் காரில் துணிந்து, ஒருக்கா டொக்டரிடம் காட்டினால் என்ன என்று கேட்டேன். "ஸ்பீக்கருக்கு ஏன் பிள்ளை டொக்டர்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

மழை பிடித்திருந்த ஒரு பின்னேரம் இறங்கி வந்துகொண்டிருந்தோம். வளைவுக்கு அப்பால் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஹோர்ன் அடிப்பது எனக்குக் கேட்டது. சேர் வேகத்தைக் குறைக்கவில்லை. மறுபடியும் ஹோர்ன். நான் எட்டி ஸ்டியரிங்கை என் பக்கம் இழுத்தேன். காரின் முன்சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் காணுக்குள் இறங்கி நின்றது. லொறி எங்களை உரசாத குறையாகப் போனது. யாருக்கும் அடிபடவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சேர் அதை நிறுத்தினார்.

"ஹோர்ன் அடிச்சவனோ?"

"அடிச்சாங்க சேர். ரெண்டு தடவை."

கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "காது கேளாதவனை அதிபரா வைச்சிருப்பினமோ?"

பின்னாலிருந்து கணக்கு டீச்சர், தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி சொன்னார்: "கண்ணு தெரியாத என்னைய வச்சிருக்காங்க தானே சேர்."

அன்று பதுளைக்கு வந்து காரை வீட்டில் நிறுத்தியவர், பிறகு அதைத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, மெல்லிய கீச்சுச் சத்தங்கள் அவருக்கு எட்டுவது மிகவும் குறைந்துவிட்டது, கருவி வைத்தால் சரியாகும் என்றார்கள். அது கைக்கு வரும்வரை நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனோம். சேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பெரிய வகுப்புப் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுப்பார்கள். அவர் அந்த இடத்தில் எங்களை உட்காரச் சொல்வார்.

கருவி வந்ததும் சேர் முதலில் போன இடம் ரேடியோக் கடை. எங்களையும் காரில் கூட்டிப் போனார். வேறு வாடிக்கையாளர்களும் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே, "தம்பி, உம்மடை வேலையிலை ஒரு குறையும் இல்லை. குறை என்ரை காதிலைதான் இருந்தது. மனசிலை வைச்சிருக்காதையும்" என்றார். தம்பி கடைக்குள் இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க சேர், டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றான். டீ வந்தபின் அவனே காருக்குள் ஏறி ஒரு பாட்டைப் போட்டான். சேர் பதறிப்போய்ச் சத்தத்தைப் பாதியளவுக்கும் கீழே இறக்கினார். "இவ்வளவு சத்தமாவோ வைச்சனான்? பாவம், பின்னுக்கிருந்த டீச்சர்." கணக்கு டீச்சர் டீயைக் குடித்தார்.

அந்தப் பாதையில் இப்போது என் மகன் ஓட்டுகிறான். அவன் காரில் பாட்டு நான்கு பக்கமிருந்தும் வருகிறது. மழையானாலும் வளைவுகளில் நான் கண்ணாடியை இறக்கிவிடுவேன், அவன் முணுமுணுப்பான். சேர் ஓய்வு பெற்றுக் கொழும்பில் மகளோடு போய் இருந்து, அங்கேயே காலமாகிவிட்டார்.

அவரை நினைத்தால், கடையிலிருந்து திரும்பிய அந்தப் பயணம்தான் எனக்கு முன்னால் வரும். பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுச் சந்தியில் திரும்புவதற்குச் சேர் சிக்னலைப் போட்டார். டிக், டிக் என்று அது அடித்தது. சேர் சந்தியில் திரும்பாமல் காரை ஓரமாக நிறுத்தினார். ரேடியோவையும் நிறுத்தினார்.

"இது எப்பவும் இப்பிடித்தான் அடிக்கிறதோ பிள்ளை?"

ஆமாம் என்றேன். அவர் அதை அணைக்கவில்லை. நாங்கள் மூவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.