விருந்து வீட்டில் வந்த வலி

"மாப்ளைக்கு வயித்து வலி. கறி ஒத்துக்கல" என்றார் ஸ்ட்ரெச்சரோடு வந்த மாமனார். மாப்பிள்ளை தொடைகளை இறுக்கிக்கொண்டு கிடந்தார். வயிற்று வலிக்காரன் வயிற்றைப் பிடிப்பான். இவர் கை வயிற்றில் இல்லை.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேஷுவாலிட்டியில் ரத்தத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததில்லை. ஆண்களின் வெட்கத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறது.

மாமனாரை வெளியே நிற்கச் சொல்லி ஸ்கிரீனை இழுத்தேன்.

"எங்க தம்பி வலிக்குது?"

"கீழண்ணே."

"கீழன்னா? முழங்காலா?"

அவர் அழுதுவிட்டார். லுங்கியை விலக்கிப் பார்த்தால் இடது விதை வீங்கி மேலே ஏறியிருந்தது. தொட விடவில்லை. டார்ஷன். விதைக்குப் போகும் ரத்தக் குழாய் முறுக்கிக்கொள்வது. சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனால் முறுக்கைப் பிரித்துக் காப்பாற்றிவிடலாம். இவருக்கு வலி வந்தது முந்தின நாள் மத்தியானம்.

பழங்காநத்தத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். புதுக் கல்யாணம். முதல் விருந்துக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"அத்தை, கொழுந்தியா எல்லாரும் சுத்தி நிக்கிறாக. அங்க போயி எப்படிண்ணே சொல்றது?"

வயிற்று வலி என்று சொல்லியிருக்கிறார். மாமியார் ஓமத் தண்ணி கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சொன்ன வலிக்குத்தானே கொடுத்தார். அடுத்து உள்ளூர் டாக்டர். அந்த ஆள் மேல் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார். லுங்கியைத் தளர்த்தச் சொல்ல அவருக்குமா கூச்சம்? அதற்கா அத்தனை வருடம் படித்தார்?

தியேட்டரில் திறந்தபோது விதை கறுத்துக் கிடந்தது. முறுக்கைப் பிரித்து, சூடான சலைனில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துக் காத்திருந்தோம். நிறம் திரும்பவில்லை. சர்ஜன் எடுத்துவிட்டார். வலது விதையும் முறுக்கிக்கொள்ளாதபடி தையல் போட்டு நிறுத்தினார்.

மறுநாள் வார்டுக்குப் பார்க்கப் போனேன். கட்டில் பக்கத்திலேயே நின்று மாமனார் கேட்டார்.

"ஒண்ண எடுத்துட்டீகளாமே. இனி பிள்ளை பொறக்குமா? இல்லேன்னா எம்பொண்ணக் கூட்டிட்டுப் போறேன்."

மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தார். இமை மட்டும் துடித்தது.

"இன்னொண்ணு நல்லா இருக்கு. பிள்ளைக்கும் குடும்பம் நடத்தவும் அது போதும்" என்றேன்.

"டாக்டர் எழுதிக் குடுப்பாரா?"

எனக்கு வாயில் வந்தது இங்கே எழுதத் தக்கதல்ல. நல்லவேளை, கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த அவர் மனைவி முந்திக்கொண்டாள்.

"அப்பா, உங்க முன்னாடி சொல்லக் கூச்சப்பட்டுத்தான் அவரு இப்படிக் கெடக்காரு. எழுதி வாங்கி என்ன செய்யப் போறீக? நீங்க ஊருக்குப் போங்க. நான் எங்கயும் வரல."

பிறகு கணவர் பக்கம் குனிந்தாள். "இனி எங்க வலிச்சாலும் எங்கிட்டயாச்சும் வாயத் தொறந்து சொல்லுங்க." அவர் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார்.

இப்போது கேஷுவாலிட்டியில் நிற்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். அடிவயிறு வலிக்கிறது என்று எந்த ஆண் வந்தாலும் ஸ்கிரீனை இழுத்துவிடுங்கள். விதை வலிக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், பாருங்கள். அவன் முறைப்பான், திட்டவும் செய்வான். திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகட்டும். இரண்டோடு போவான்.