அவர் சொல்லாத பறவையின் பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஆட்களோடு கதைக்கவே கூச்சம்.

ஒரு நாள் பின்னேரம் குப்பைக்கூடையை எடுக்க ஓர் அறைக்குள் போனேன். ஆராய்ச்சி மாணவியான எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, பப்புவா நியூகினியிலிருந்து வந்திருந்த வயதான தம்பதியின் மொழியை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தாள்.

"அன்ரி, தூசி உறிஞ்சிற மிசினை மட்டும் போடாதேங்கோ. இருந்து கேளுங்கோ."

சில ஊர்களில் மட்டுமே பேசும் மொழியாம். அவள் படங்களைக் காட்டக் காட்டப் பெரியவர் பெயர் சொன்னார். ஒரே சொல்தான், குரலை உயர்த்தினால் ஒரு பொருள், தாழ்த்தினால் வேறு பொருள். எனக்கு ஒன்றுபோலவே கேட்டதை அவர் பிசகாமல் பிரித்துச் சொன்னார். வேலையை மறந்து நின்றுவிட்டேன்.

ஒரு பறவையின் படம் வந்தது. பெரியவர் மனைவியைப் பார்த்தார், சிரித்தார், தலை குனிந்துகொண்டார். திரும்பக் கேட்டாலும் அதே சிரிப்பு. பிள்ளையின் முகம் வாடிப்போனது.

"ரெண்டு உதடும் அதிர ஒரு சத்தம் இருக்கெண்டு பழைய குறிப்பு ஒண்டிலை இருக்கு அன்ரி. எனக்குத் தெரிஞ்சு இந்தச் சொல்லிலை மட்டும்தான் வருது. நாளைக்கு இவை ஊருக்குப் போகினம். மனுசன் மறந்திட்டார் போலை."

மறந்தவரின் சிரிப்பாக எனக்கு அது படவில்லை. ஆஸ்பத்திரியில் கணவரின் பெயரைக் கேட்டால் நானும் இப்படித்தான் சிரித்துவிட்டு அவருடைய அட்டையை நீட்டுவேன். படித்த பிள்ளைக்கு நான் என்ன சொல்வது என்று வாசல்வரை போனேன். மனம் கேட்காமல் திரும்பி வந்தேன்.

"பிள்ளை, அது அவர் சொல்லக்கூடாத ஆரின்ரையும் பேரோ தெரியாது. ஒருக்காக் கேட்டுப் பாரும்."

அவர்களுக்குப் புரியும் மொழியில் அவள் கேட்டாள். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய மாமனாருக்கும் அந்தப் பறவையின் பெயர்தானாம். மருமகன் வாயால் அது வரக்கூடாது.

"ஐயோ அன்ரி, இந்த வழக்கத்தைப் படிச்சுச் சோதனையும் எழுதினனான்!"

ஆனால் அந்த மாமனார் பெற்ற மகள் சொல்லலாம். மனைவி மைக்குக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப்போட்டார். பெரியவர் எழுந்து யன்னல் பக்கம் திரும்பி நின்றார். அந்த அம்மா தன் தகப்பனின் பெயரை மூன்று முறை சொன்னார். பற்றைக்குள்ளிருந்து ஒரு பறவை படபடத்து எழும்பியதுபோல உதடுகள் அதிர்ந்தன. நானும் சொல்லிப் பார்த்தேன், எச்சில்தான் தெறித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒருவர் சிரித்தால், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் முடிவு கட்டுவதில்லை.