வாத்தியக்குழு வரலாற்றில் நான் எழுதாத பெயர்

கோடை விழா வாத்தியக்குழுவின் வரலாற்றை விழா மலருக்கு எழுதித் தரும்படி விழாச் செயலாளர் வந்து கேட்டபோது உடனே சம்மதித்தேன். ஒரு காலத்தில் என்னிடம் வயலின் படித்தவர் அவர். நான் மறுப்பேன் என்று நினைத்து, கெஞ்ச ஆயத்தமாக வந்திருந்தார். எத்தனையோ வருடமாக நான் காத்திருந்த வேலை அது என்பது அவருக்குத் தெரியாது.

குழுவைத் தொடங்கியவர்கள் ஐந்து பேர். நானும் என் தங்கையும் வயலின். கிண்ணியாவிலிருந்து ஒரு புல்லாங்குழல்காரர், சாம்பல்தீவிலிருந்து ஒரு மிருதங்கக்காரர், வீணை வாசித்த ஒரு தபால் கந்தோர்ப் பெண். துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த பாடசாலை மண்டபத்தில் விடுமுறை நாட்களில் ஒத்திகை நடக்கும். சண்டைக் காலம். சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். சில நாள் வாசித்தும் காட்ட வேண்டும். கோடையில் வீசும் கச்சான் காற்றில் தந்தி இறங்கிக்கொண்டே இருக்கும். தங்கைதான் பொறுமையாக இரண்டு வயலினுக்கும் சுருதி சேர்ப்பாள்.

மூன்றாம் வருடம், எல்லோரும் மாஸ்டர் என்று அழைத்த வயலின்காரர் வந்து சேர்ந்தார். சென்னையில் படித்துவிட்டுத் திரும்பியவர். எங்களைவிட நன்றாக வாசித்தார். அதை நான் என்றும் மறுத்ததில்லை. தலைமைக் கதிரையை நானே அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தேன்.

கடல் ஊருக்குள் வந்த மார்கழியில் உப்புவெளியில் எங்கள் வீடு போனது. தங்கையும் போனாள். அடுத்த கோடையில் இரவல் வயலின் ஒன்றோடு ஒத்திகைக்குப் போனேன். எனக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. பாதி வாசிப்பில் மாஸ்டர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

"டீச்சர், உங்கட வில்லு நடுங்குது. இந்த முறை நீங்கள் இருந்து கேளுங்கோ."

வில் நடுங்கியது உண்மை. குழுவில் ஒருவரும் தலை நிமிரவில்லை. வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கடைசிவரை இருந்து கேட்டேன். அதற்கடுத்த வருடம் எனக்கு அழைப்பே வரவில்லை.

அதைக்கூட விட்டிருப்பேன். சில வருடம் கழித்து விழா மலரில் குழுவின் வரலாற்றை மாஸ்டர் எழுதினார். தான் வரும்போது இங்கே குழு என்று சொல்ல எதுவும் இருக்கவில்லையாம். என் பெயர் இல்லை. அது போகட்டும். தங்கையின் பெயரும் இல்லை. செத்துப்போனவளால் கேட்க முடியாது என்று நினைத்தார் போலும். அந்த மலரை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இப்போது எழுதும் முறை எனக்கு வந்தது. பழைய ஒத்திகைக் கொப்பிகளை விரித்து வைத்து மூன்று வாரம் எழுதினேன். ஐந்து பேரையும் பெயர் சொல்லி எழுதினேன். மிருதங்கத்துக்குத் தோல் மாற்றித் தந்தவரையும், தேநீர் கொண்டுவந்த காவலாளியையும் எழுதினேன். மாஸ்டர் செய்த வேலை எதையும் மறைக்கவில்லை. குழு விரிவுபடுத்தப்பட்டது, புதிய உருப்படிகள் சேர்க்கப்பட்டன, ஒத்திகைகள் கண்டிப்பாக நடத்தப்பட்டன. எல்லாம் 'பட்டது', 'பட்டன'. செய்த ஆள் மட்டும் இல்லை.

செயலாளர் வாசித்துவிட்டு தாள்களை மேசையில் வைத்தார். பிறகு, மாஸ்டரின் பெயர் ஓரிடத்திலும் இல்லையே என்றார். இதில் பொய் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார். சேர்த்தால் என் கட்டுரையைத் திருப்பித் தந்துவிடும்படி சொன்னேன். அச்சகத்துக்குக் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது. அப்படியே அச்சானது.

விழாவன்று மாலை மாஸ்டர் முன்வரிசையில் இருந்தார். வயதாகிவிட்டது, மகள் கையைப் பிடித்து இருத்தினாள். நான் பக்கவாட்டில், அவருடைய முகம் தெரியும் இடத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டேன். மலரைக் கொடுத்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் எழுதிய கட்டுரையைத் தேடி எடுத்தார். முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பி, இம்முறை விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். மேடையில் குழு வாசித்துக்கொண்டிருந்தது. அவர் நிமிரவே இல்லை. அத்தனை வருடத்தில் எனக்கு அப்படியொரு இன்பம் கிடைத்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முடிந்து எல்லோரும் எழுந்தபோது மகளை விலக்கிவிட்டு மெல்ல என்னிடம் வந்தார்.

"டீச்சர், என்னை மறந்திட்டியளோ?"

"இல்லை மாஸ்டர். நான் ஒண்டையும் மறக்கேல்லை."

அவருக்கு விளங்கியது. மலரைக் கதிரையில் விட்டுவிட்டு மகளோடு போனார்.

இரண்டு வாரத்தில் செயலாளர் ஒரு துண்டுத் தாளோடு வந்தார். மாஸ்டரின் பெயர் தவறுதலாக விடுபட்டதென்று அச்சடித்து, மிச்சப் பிரதிகளில் ஒட்டப் போகிறார்களாம். நான் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

"பிழை எண்டால் திருத்துவன். இது பிழை இல்லைத் தம்பி," என்றேன்.

கையெழுத்து இல்லாமலே ஒட்டினார்கள். வயதுபோன மனிதரை நோகடித்துவிட்டேன் என்று கடற்கரை வீதியில் இரண்டு பேர் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். செயலாளர் இப்போது கண்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார். மாஸ்டர் பிறகு விழாவுக்கு வரவில்லை.

என் பிரதியில் துண்டுத் தாள் இல்லை. அந்த வருட மார்கழியில், தங்கையின் நினைவு நாளன்று, அவளுடைய படத்துக்கு முன்னால் இருந்து கட்டுரை முழுவதையும் உரத்து வாசித்தேன். அவளுடைய பெயர் நான்கு இடத்தில் வருகிறது. மாஸ்டரின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை என்பதையும் அவளுக்குச் சொன்னேன்.