எதிர்க்கேள்விக்குக் காத்திருந்தவர்

இயற்பியல் ஆசிரியர் சுந்தரவேல் மணியாச்சி ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்து காலமானார் என்று கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தபோது, நான் வேதியியல் ஆய்வகத்தில் இருந்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியாம். எதற்காகப் போனார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கோவில்பட்டிக்கு வேலைக்கு வந்தபோது அவர் எனக்கு மூத்த ஆசிரியர். நாகலாபுரத்துக்காரர். மாலையில் டீக்கடையில் உட்கார்ந்தால் எலக்ட்ரானைப் பற்றித்தான் பேச்சு. அளந்து பார்க்கும்வரை அது இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அப்படியானால் அதுவரை அது என்ன? விடை பண்டைக் கிரேக்கர்களிடம் இருக்கிறது என்பது அவர் கட்சி. இருப்புக்கும் இல்லாமைக்கும் நடுவே ‘ஆகக்கூடியது’ என்றொரு நிலையை அவர்கள் யோசித்து வைத்திருந்தார்களாம்.

“எங்க அய்யா மழைக்கு முந்தியே புழுதியில வெதைப்பாவ. அது பயிரும் இல்ல, ஒண்ணுமில்லாததும் இல்ல. அத என்னன்னு சொல்லுவீரு, வேதியியல்காரரே?” என்பார்.

நான் தலையாட்டினால் கோபம் வரும்.

“தலைய ஆட்டாதீரும். எதுத்துக் கேள்வி கேக்க ஆளில்லன்னா, நான் நெனைக்கது சரியா தப்பான்னு எனக்கே எப்படித் தெரியும்?”

இதையே முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். இது தத்துவம் என்று பல்கலைக்கழக இயற்பியல் துறை திருப்பி அனுப்பியது. இதில் சமன்பாடுகள் இருக்கின்றன என்று தத்துவத் துறை திருப்பியது. ஒரே கட்டடத்தில் கீழும் மேலுமாக இருந்த துறைகள். மனிதர் மாடிப்படி ஏறி இறங்கியே தேய்ந்துபோனார். சக ஆசிரியர்கள் அவருக்குக் ‘கிரேக்கர்’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

பட்டம் அவருக்குப் பெரிதில்லை. வாய்மொழித் தேர்வில் விவரம் தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்து குடைவார்களே, அதற்குத்தான் ஏங்கினார்.

“தப்புன்னு சொல்லட்டும், எங்கன தப்புன்னு காட்டட்டும். பிரிச்சுக்கூடப் பாக்காம திருப்புதாவளே, தம்பி” என்று ஒருநாள் சொன்னார். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த பின்னும் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

போன வாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம். பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு துறைத் தலைவர்களும் கார் வைத்து வந்திருந்தார்கள். இயற்பியலுக்கு இழப்பு என்றார் ஒருவர். தத்துவத்துக்கே இழப்பு என்றார் மற்றவர். படத்துக்கு யார் முதலில் மாலை போடுவது என்பதிலும் இழுபறி. உயிரோடு இருந்தவரை வாசலிலேயே நிறுத்தியவர்கள், இறந்ததும் பங்குக்கு வந்து நின்றார்கள்.

என்னைப் பேச அழைத்தார்கள். அவர்களோடு சேர்ந்து புகழ எனக்கு வாய் வரவில்லை. படத்தைப் பார்த்துக் கேட்டேன்.

“அண்ணாச்சி, உங்க ஆய்வுல எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. அளந்ததும் எலக்ட்ரான் ஒரு எடத்துல ஆயிருது. வேற எடத்துல ஆகியிருக்கக்கூடியதும் நெசந்தான்னு சொன்னீய. அப்படி ஆகாமப் போனதெல்லாம் எங்க போகுது?”

கூட்டத்தை நடத்தியவர் என் கையைத் தொட்டார். “சார், இது இரங்கல் கூட்டம்.”

முன்வரிசையில் இருந்த அவர் மனைவி முத்துலட்சுமி அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

“கேக்கட்டும்யா. இதுக்குத்தான அவிய அலைஞ்சாவ.”

துறைத் தலைவர்கள் இருவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பதில் தெரிந்த ஒரே மனிதர் மாலை போட்ட படத்துக்குள் இருந்தார்.

போய் வாருங்கள், அண்ணாச்சி. உங்களை இவர்கள் ஆகவிடவில்லை.