ஒரு பஸ் காலேஜ், ரெண்டு பஸ் காலேஜ்

ஒரு காலேஜ் நல்லதா மோசமான்னு ஒங்க வீட்ல எத வச்சு பாப்பீங்க? பிளேஸ்மென்ட்? ரேங்க்? எங்க வீட்ல பஸ்ஸ வச்சு.

தக்கலையிலேர்ந்து ஒரே பஸ்ஸுல போயிட்டு, இருட்டுறதுக்குள்ள வீடு வந்து சேரணும். அப்பாவுக்கு அதான் நல்ல காலேஜ். ரெண்டு பஸ் மாறணும்னா சுமார். ரயில் ஏறணும்னா அது காலேஜே இல்ல. நான் படிச்சது ஒரு பஸ் காலேஜ். யாரும் என்னைய கட்டாயப்படுத்தல, கேட்டியளா. கவுன்சிலிங் லிஸ்ட் மொத்தமும் நானே அப்படி போட்டுட்டு, பெரிய புத்திசாலி மாதிரி திரிஞ்சேன்.

அப்புறம் தங்கச்சி பிளஸ் டூ முடிச்சா. அவளுக்கு சிவில்தான் வேணும், அதும் கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்லதான் வேணும்.

"அங்க பெரிய லேப் இருக்குக்கா. கான்கிரீட் தூண வச்சு, எவ்ளோ தாங்குதுன்னு ஒடச்சு பாப்பாங்களாம்."

"ஒடைக்கதுக்கா ஏட்டி அவ்ளோ தூரம் போணும்? வீட்ல ஒரு கண்ணாடி கிளாஸ நீ மிச்சம் வச்சிருக்கியா?"

ஆன்லைன்ல சாய்ஸ் போட மூணு நாள் டைம் இருந்துச்சு. மூணு நாளும் ரெண்டு பேரும் தரையில கமுந்து கெடந்தோம். நடுவுல என் லேப்டாப், பக்கத்துல ஏத்தங்கா சிப்ஸ், கீபோர்டு பூரா எண்ண. பழைய காலண்டர் தாள திருப்பி போட்டு நான் எழுதுவேன், அவ கோடு போட்டு அடிப்பா. பக்கத்துல உள்ள காலேஜ் பேரு வந்தா போதும், கண்டக்டர் கொரல்ல "வில்லுக்குறி, தோட்டியோடு, பார்வதிபுரமெல்லாம் எறங்கு"ன்னு ஆரம்பிச்சிருவா. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். அம்மா அடுக்களையிலேர்ந்து, "காலேஜ் பாக்கியளா, கூத்தடிக்கியளா"ன்னு கேப்பாவ. ரெண்டுந்தான். இத்தன வருஷம் ஒரே ரூம்ல கெடந்தும், நாங்க அப்படி ஒட்டி கெடந்தது அந்த மூணு நாளுதான்.

ரெண்டாம் நாள் திடீர்னு கேட்டா. "எக்கா, நான் போணுமா, போவாண்டாமா? நெசமா சொல்லு."

"போ ஏட்டி. ரூம் மொத்தமும் எனக்குத்தான்."

அவ அத நம்பிட்டா. நானும் நம்புன மாதிரிதான் இருந்தேன்.

கடைசி நாள் மத்தியானம் அப்பா சாப்பிட வந்தாவ. சந்தையில வாழக்குல கடை வச்சிருக்காவ. சாப்பிட்டு முடிச்சு காலண்டர் தாள எடது கையில எடுத்து, மேலேர்ந்து கீழ ஒரு தடவ பாத்தாவ.

"இதென்ன மக்ளே, கோயம்புத்தூரு மொதல்ல கெடக்கு? கெடைக்காதத மேல போட்டா, கீழ உள்ளதும் கைய விட்டு போயிராதா?"

"போவாதுப்பா. மேல உள்ளது கெடைக்கலன்னா அடுத்தத பாக்கும். அதும் இல்லன்னா அதுக்கு அடுத்தது. கீழ எல்லாம் ஒரு பஸ்ஸுதான், பாருங்க."

"செரி. அப்போ அந்த மொதல்ல உள்ளது கெடைக்குமா?"

போன வருஷ கட் ஆஃப் நான் பாத்தாச்சு. தங்கச்சிக்கு அதவிட ஒன்றர மார்க் கூட. அவ என் கால மிதிச்சிக்கிட்டு, மூச்சு விடாம உக்காந்திருக்கா. கெடைக்கும்னு சொன்னா அந்த வரி அங்கயே காலி.

"சான்ஸ் கம்மிதாம்ப்பா"ன்னேன். லேப்டாப்ப விட்டு மூஞ்சிய எடுக்கல.

"அப்போ ஆசைக்கு கெடக்கட்டும்"னு கைய கழுவ போயிட்டாவ. அப்பா திரும்பி வாரதுக்குள்ள நாங்க லாக் பண்ணியாச்சு.

சீட் வந்த அன்னைக்கு ரெண்டு பேரும் கடைக்கு ஓடுனோம். அப்பா ஒரு ஆளுக்கு குல கட்டிக்கிட்டு இருந்தாவ. நான் விஷயத்த சொன்னேன். கயித்த இறுக்கி முடிச்சு போட்டு, அந்த ஆள அனுப்பிட்டு, அப்புறமா தங்கச்சிய பாத்து கேட்டாவ.

"ரயிலு எத்தன மணிக்கு மக்ளே?"

அவளுக்கு அழுக வந்துட்டு. அவ தண்ணி குடிக்க போன கேப்புல அப்பா எங்கிட்ட மெதுவா, "போன வருஷ மார்க்க நீ பாக்காமலா இருந்திருப்ப?"ன்னாவ. ஒரு ரசகதலி பழத்த பிச்சு என் கையில வச்சிட்டு அடுத்த ஆளுக்கு வெல சொல்ல போயிட்டாவ.

இப்போ அவ மூணாவது வருஷம். இந்த வாரம் அவளுக்கு நாலு நாள் லீவு, ஊருக்கு வரல. ரூம் மொத்தமும் எனக்குத்தான்.